கொறங்காடும் இல்லறத்தார் அகிம்சையும்



ஆதிபகவனாகிய ரிஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. ஏர் செல்லும் வழியில் சிற்றுயிர்கள் மடியும் என்பதை அறிந்தும், அறநூல்கள் அதனை இல்லறத்தாருக்கு விலக்கவில்லை; நேரும் உயிர்ச்சேதத்தை இயன்றவரை குறைக்குமாறு பணித்தன. குறைப்பது எங்ஙனம்? விடை கொங்கு மண்ணிலேயே உள்ளது.

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளையும் திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களையும் கடந்து, தென்கிழக்கே காங்கயம் நோக்கிச் செல்வோர் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களைக் காண்பர். அவையே கொறங்காடுகள். கீழே கொழுக்கட்டைப் புல். மேலே வெள்வேல மரம். மழை குன்றிய இந்நிலத்தை ஆண்டுதோறும் உழுவதில்லை. ஒரு பகுதியில் மேய்ந்த ஆடுமாடுகளை அடுத்த பகுதிக்கு மாற்றி, மேய்ந்த இடத்தில் புல் தழைக்க விடுவர். கோடையில் புல் காயும்போது வெள்வேலங்காய் தீவனமாகும். வயலின் சோளத்தட்டு மாட்டுக்கும், மாட்டின் எரு வயலுக்கும் செல்லும். உழாத மண்ணில் புழுபூச்சிகளும் வேலியில் பறவைகளும் பிழைத்திருக்கின்றன. காங்கயம் மாட்டினம் இம்மேய்ச்சலில் வளர்ந்ததே.

இம்முறையின் உயிர்நாடி அளவறிதல். புல்லுக்கு மிஞ்சிய மாடு சேர்த்தால் நிலம் வெறுமையாகும். உடைமைக்கு எல்லை வகுக்கும் பரிக்கிரக பரிமாண விரதத்தை உழவர் நிலத்தில் நோற்பது இவ்வாறே.

அளவு மறந்தால் நேர்வதை நொய்யல் காட்டிற்று. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆடை வணிகத்தால் வாழ்வோர் இப்பொறுப்புக்கு அயலார் அல்லர்.

எனினும் கடினமான வினா ஒன்று எஞ்சுகிறது. பால் வற்றிய பசுவும் ஏர் இழுக்க மாட்டாத எருதும் எங்கே செல்கின்றன? கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தையும் அகிம்சாணுவிரதத்தின் குற்றங்களாக அறநூல்கள் கூறும். செய்தல் மட்டுமன்று, செய்வித்தலும் உடன்படுதலும் வினையே. ஆதலின், தான் கொல்லவில்லை என்று கூறி முதிய மாட்டைச் சந்தையில் விற்பவர் வினையினின்று விடுபடார்.

பசு வாங்கும் நாளிலேயே அதன் முதுமைக்குரிய தீவனத்தையும் கணக்கிடுவது உழவர் கடன். நிலமற்ற குடும்பத்தார் ஓர் உழவரின் முதிய மாட்டுக்கு ஆண்டுத் தீவனச் செலவை ஏற்கலாம். அது அபயதானம். அருகன் அறம் தழைக்க!