குடிக்காதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு



போன மாதக் கூட்டத்துக்கு ஒரு சகோதரி ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து அழுதார். "கல்லீரல்ல கொழுப்பாம். குடிக்கிறவங்களுக்குத்தானே இது வரும்? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார். குடிக்காதவருக்கும் வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் சாப்பிடும் சோறும் சர்க்கரையும் தேவைக்கு மேல் போனால், கல்லீரல் அதைக் கொழுப்பாக்கிச் சேமிக்கும். குழுச் சேமிப்புக்கு வட்டி வரும். இந்தச் சேமிப்புக்கு நோய்தான் வரும். கல்லீரல் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம். முதலில் வலி தெரியாது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கல்லீரலே சுருங்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நாம என்ன பண்றோம்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வீணாகக் கூடாதென்று மீந்த சோற்றை ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறோம். காயும் முட்டையும் அதற்குள் தீர்ந்திருக்கும். இனி நம் பங்கை முதலிலேயே எடுத்துவைப்போம். சோறு ஒரு கரண்டி குறையட்டும். கீரை, பருப்பு, சுண்டல் ஒரு கரண்டி கூடட்டும். 300 மில்லி கலர் பாட்டிலில் ஏழெட்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது, அதை விடுவோம். தினமும் வேகமாக நடப்போம். 70 கிலோ இருப்பவர் பட்டினி கிடக்காமல், மெதுவாக 5 முதல் 7 கிலோ குறைத்தாலே கல்லீரல் தேறும்.

இந்த வாரம் குழுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்: "நாங்களும் வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம்."