கப்பன் துரையும் கணக்குக் கேட்கும் உரிமையும்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பன் பார்க்குக்குப் போகிறோம். அங்கே குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரர் சிலையாக இருக்கிறார். நெடுங்காலம் உயர்நீதிமன்றத்தின் முன் நின்று, 2020-இல் பூங்காவுக்குள் வந்த சிலை அது. "யாரப்பா இவர்?" என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்வது?

அவர் பெயர் மார்க் கப்பன். 1775-இல் பிறந்தவர். 1800-இல் சென்னைப் பட்டாளத்தில் சேர வந்தவர். வரிக்கொடுமை தாங்காமல் நகர சீமைக் குடியானவர்கள் 1830-இல் கிளர்ந்தெழுந்தார்கள். அதைக் காரணம் காட்டி 1831-இல் மைசூர் ஆட்சியை மன்னரிடமிருந்து வெள்ளையர் எடுத்துக்கொண்டார்கள். 1834-இல் கப்பன் கமிஷனரானார். 1861 வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், ஆட்சி அவர் கையில்!

நல்லதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. பிள்ளை பிறந்தால் வரி, பெயர் வைத்தால் வரி, மொட்டை போட்டால் வரி, கல்யாணத்துக்கும் வரி! இப்படி 769 சில்லறை வரிகளை அவர் ஆட்சி ஒழித்தது. ஏறத்தாழ 1,600 மைல் சாலை போட்டது. 1864-இல் திறந்த பெங்களூர் – ஜோலார்பேட்டை ரயில் பாதைக்கும் அவர் காலத்திலேயே வேலை தொடங்கியது. அதே பாதையில்தான் நம்மில் பலர் ஊருக்குப் போய் வருகிறோம். அந்த வண்டிக்கு டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எண்ணம் வரும். துரையின் பெயர் சாலைக்கு உண்டு, பூங்காவுக்கு உண்டு. கல் உடைத்தவன், மண் சுமந்தவள் பெயர் எங்கே?

இன்னொரு கேள்வி, தோழர்களே. அந்த 27 ஆண்டுகளில் அவர் யாருக்குக் கணக்குச் சொன்னார்? கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரலுக்கு! வரி கட்டிய குடியானவனுக்கு அல்ல. வரியை நீக்கியது அவர் மனம். நீக்காமல் விட்டிருந்தால்? மனுப் போட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

1861-இல் உடல் நலிந்து தாய்நாடு திரும்பும் வழியில், சூயஸில் கப்பன் இறந்தார். அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1881-இல், மைசூர் பிரதிநிதி சபையைக் கூட்டினார் திவான் ரங்காச்சார்லு. செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்தவர் அவர். அந்தச் சபையிலும் நிலக்காரரும் வியாபாரியும்தான் உட்கார்ந்தார்கள். கூலிக்காரனுக்கு நாற்காலி இல்லை. நம்மைப் போன்றவர்கள் கைக்கு ஓட்டு வந்தது 1951-52 பொதுத்தேர்தலில்தான்.

இவ்வளவு தாமதமாக வந்ததை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? வாடகை வீடு மாறினால் பட்டியலில் பெயரை மாற்றுவதில்லை. தேர்தல் அன்று வரிசையில் நின்று, பெயர் இல்லை என்று திரும்புகிறோம். பிறகு குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை வழிகிறது என்று யாராவது ஒரு நல்ல துரையைத் தேடுகிறோம்!

நல்ல எஜமான் கிடைப்பது அதிர்ஷ்டம். கணக்குக் கேட்பது உரிமை. அதிர்ஷ்டத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஆகவே இந்த வாரமே பட்டியலைப் பாருங்கள். புதிதாகச் சேர்க்க 6-ஆம் எண் படிவம். வீடு மாறியவர்களுக்கு 8-ஆம் எண் படிவம். ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைக்கக் கூடாது. எங்கே வாழ்கிறோமோ அங்கே பதிவோம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் என்னிடம் வாருங்கள். மாலையில் நான் சங்கத்தில்தான் இருப்பேன்.

துரையின் பெயர் கல்லில் இருக்கட்டும். நம் பெயர் பட்டியலில் இருக்கட்டும்!