வதந்தி எங்கே முளைக்கிறது?



தடுப்பூசிக்குத் தயங்கும் நம் மக்களை ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது பக்தி மட்டுமல்ல, வெளியார் உள்ளே வர வேண்டாம் என்ற எச்சரிக்கையும்தான். நம் வழக்காறுகளுக்கும் ஆபத்தை அளக்கத் தெரியும்.

தயக்கம் சேரிக்கு மட்டும் சொந்தமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்து நீரை எடுத்து இன்னொரு குழந்தைக்குக் குத்தித்தான் பெரியம்மையைத் தடுத்தார்கள். கொப்புளம் சுமந்தவர்களில் பலர் ஏழை, ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள். அந்த நீர் தம் உடம்பில் ஏறினால் தீட்டு என்று மறுத்தவர்கள் மேல்சாதியார்.

உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற பேச்சு பரவியது. அது பொய். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 ஓராண்டில் மட்டும், 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை நடந்தது. ஏழைகள் பலர் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அந்த நினைவின் மீதுதான் பொய் வேர்பிடித்தது.

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காக 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பிறகு ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்! 1,948இல் கைநாட்டு. ஆந்திராவிலும் குஜராத்திலும் ஏழு சிறுமிகள் இறந்த செய்தி எழுந்ததும், 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றது விசாரணைக் குழு. ஆனால் பெற்றோரிடம் கேட்காதது உண்மை. கேட்காமல் குத்திய ஊசியைப் பற்றி ஊர் தானே ஒரு கதை சொல்லிக்கொள்ளும்.

அதற்காக ஊசியை மறுத்துவிட முடியுமா? கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகே மருத்துவமனை சேர்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஊசி தரும் காய்ச்சல் கண்ணுக்குத் தெரிகிறது. ஊசியால் வராமல்போன நோய் தெரிவதில்லை. மறுப்பின் விலையைக் கொடுப்பவர்களும் நாமே.

உத்தரப் பிரதேசத்தில் அந்தந்தத் தெருப் பெண்களே வீடுவீடாகப் போய்ப் பேசினார்கள். மதப் பெரியவர்களும் துணைநின்றார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார்.

எனவே, நாளை சேரிக்குள் போகும் தோழர்கள் மறுப்புரையோடு தொடங்காதீர்கள். “முன்பு உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பதிலை முழுமையாகக் கேட்டபின் மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும். ஒப்புதல் கேட்கப்படுவது சலுகை அல்ல, நம் உரிமை.

ஜெய்பீம்.