தேங்காய்ச் சட்னி

இன்று உங்கள் வீட்டில் இட்லியா, தோசையா? எதுவானாலும் தேங்காய்ச் சட்னி இல்லாமல் இறங்காது!

ஆனால் சிலர் அரைத்த சட்னியில் எண்ணெய் மிதக்கும், வாயில் வைத்தால் பிசுபிசுக்கும். தேங்காய் மேல் தப்பில்லை. 100 கிராம் பச்சைத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். அது சுமார் 24 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் சூடேறும், எண்ணெய் பிரியும். அதனால் விட்டுவிட்டு ஓட்டுங்கள். குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

நன்கு முற்றிய காயாக எடுங்கள். இளங்காயில் சட்னி நீர்த்துப் போகும். பழுப்புத் தோலைச் சீவிவிட்டால் வெள்ளை வெளேர் என்று வரும். சீவாவிட்டாலும் ருசி ஒன்றும் கெடாது. ஒரு மூடித் தேங்காய்க்கு இரண்டு கரண்டி பொட்டுக்கடலை, காரத்துக்கேற்ற பச்சைமிளகாய், துண்டு இஞ்சி, உப்பு. பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டால் அது கடலைச் சட்னி. சில ஓட்டல்காரர்கள் மன்னிக்கவும்!

தாளிப்பில் அவசரம் ஆகாது. எண்ணெய் காய்ந்து கடுகு படபடவென்று வெடித்த பிறகுதான் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறமானதும் கறிவேப்பிலையைப் போட்டு உடனே கொட்டுங்கள். கடுகு கருகினால் சட்னி முழுக்கக் கசக்கும்.

வெயில் காலத்தில் காலையில் அரைத்தது மதியமே புளித்துவிடும். எனவே, வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள்.