இருபது ரூபாய்ச் சோறும் அதன் உண்மை விலையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழாவில் சங்கத்தின் வரவு செலவைப் படிப்பது வழக்கம். அதனைச் செயலாளர் செவ்வனே செய்து முடித்துவிட்டார். நாம் இங்கு வேறொரு கணக்கைப் பார்க்க விரும்புகிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் கேரளம் எங்கும் தோன்றிய மக்கள் உணவகங்களின் கணக்கு அது. ஜனகீய ஹோட்டல் என்று மலையாளத்தில் எழுதிய பலகையை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அங்கே சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் நம் அண்டை வீட்டுப் பெண்கள். அவர்கள் எவ்வாறு எழுந்தார்கள், எதனால் தளர்ந்தார்கள், மீண்டும் எவ்வழியில் நிமிர்கிறார்கள் என்பதை அறிவது, பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்த நமக்கு மிகவும் பயன் தரும்.

ஒற்றசேகரமங்கலத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நாம் இரண்டு மொழிகளுக்கும் இரண்டு அரசுகளுக்கும் நடுவே வாழ்கிறோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர அடுக்களையில் விழவில்லை. வடசேரிச் சந்தைக் காய்கறியும் இங்குள்ள மரச்சீனியும் ஒரே அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, களியக்காவிளையில் போக்குவரத்துக்குத் தடை விழுந்தபோதுதான், நம் உணவு எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பது நமக்குப் புலப்பட்டது.

அந்நாளில் கேரளத்திற்குக் கைகொடுத்த அமைப்பு குடும்பஸ்ரீ. அது 1998-இல் மலப்புறத்தில் தொடங்கப் பெற்றது. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தால் ஓர் அயற்கூட்டம். வார்டு அளவில் அயற்கூட்டங்களின் இணைப்பு. ஊராட்சி அளவில் அவற்றிற்கெல்லாம் ஒரு சங்கம். இந்த மூன்று படிகள்தாம் அதன் கட்டுக்கோப்பு. வாரந்தோறும் கூடுவதும், சிறு தொகையைச் சேமிப்பதும், அதனைத் தமக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்குவதும் அப்பெண்களின் பழக்கம். பார்வைக்கு இது சிறிய செயலே. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வாறு கூடிக் கூடிப் பழகியிருந்தமையால், நோய் வந்த நாளில் அவர்கள் யாரிடமும் போய்ப் புதிதாக ஒற்றுமையைக் கற்க வேண்டியிருக்கவில்லை. தையல் தெரிந்தவர்கள் முகக்கவசம் தைத்தார்கள். சமையல் தெரிந்தவர்கள் ஊராட்சிகள் திறந்த சமூக அடுக்களைகளில் நின்றார்கள். சில நாட்களுக்குள் கேரளத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சமூக அடுக்களைகள் புகையத் தொடங்கின.

மக்கள் உணவகம் என்னும் எண்ணம் நோய்க்கு முன்பே பிறந்தது. 2020 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில், 25 ரூபாய்க்கு ஒரு வேளைச் சோறு வழங்கும் 1,000 உணவகங்கள் அறிவிக்கப்பட்டன. மார்ச் 19-ஆம் நாள் முதலமைச்சர் அறிவித்த 20,000 கோடி ரூபாய் நிவாரணத் திட்டத்தில் அந்த விலை 20 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உணவகங்களை விரைந்து திறக்கவும் முடிவாயிற்று. உண்பவர் 20 ரூபாய் தருவார். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு 10 ரூபாய் மானியம் தரும். அரிசி கிலோ 10 ரூபாய் 90 காசுக்குக் கிடைக்கும். இடமும் தண்ணீரும் மின்சாரமும் உள்ளாட்சியின் பொறுப்பு. சோறு, குழம்பு, தோரன், ஊறுகாய் என்று இலையில் விழுந்தபோது வேலை இழந்த கூலியாளும், தனித்திருந்த முதியவரும், பிற மாநிலத்திலிருந்து வந்த உழைப்பாளியும் ஒரே பந்தியில் பசியாறினார்கள். இது போற்றத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை.

இங்கு நம் தமிழகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். சென்னை மாநகராட்சி 2013-இல் அம்மா உணவகங்களைத் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சோறு ஐந்து ரூபாய், தயிர்ச்சோறு மூன்று ரூபாய். அங்கும் சமைப்பவர்கள் மகளிர் குழுக்களைச் சேர்ந்தவர்களே. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பெண்கள் நாட்கூலி பெறுகிறார்கள். நட்டம் வந்தால் மாநகராட்சி தாங்கும். இங்கே பெண்களே உணவகத்தின் உடைமையாளர்கள். இலாபம் வந்தாலும் அவர்களுடையது, நட்டம் வந்தாலும் அவர்களுடையது. உடைமை என்பது பெருமைக்குரிய சொல். ஆனால் அச்சொல்லின் முழு எடையும் கடனைத் திருப்பும் நாளில்தான் தெரியும்.

அந்த நாளும் வந்தது. 2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் தொற்றின் அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கேரள அரசு 10 ரூபாய் மானியத்தை நிறுத்தியது; சாப்பாட்டை 30 ரூபாய்க்கு விற்க இசைவு தந்தது. அதற்கு முன்பே மானியத் தொகை பல இடங்களில் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. பெண்கள் தலைமைச் செயலகத்தின் முன் சென்று முறையிட்டதையும் நாடறியும்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் உணவகம் நாளொன்றுக்கு 100 சாப்பாடு விற்கிறது என்று கொள்வோம். மாதத்தில் 26 நாள் அடுப்பு எரிந்தால் அரசு தர வேண்டிய மானியம் 26,000 ரூபாய். ஆறு மாதம் அது வராவிட்டால் நிலுவை 1,56,000 ரூபாய். நான்கு பெண்கள் நடத்தும் கடைக்கு இது எவ்வளவு பெரிய பாரம்! மளிகைக்காரர் காத்திருப்பாரா? எரிவாயு உருளை கடனுக்கு வருமா? ஆகவே அவர்கள் தம் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். சிலர் நகையை அடகு வைத்தார்கள். சிலர் கடையை மூடினார்கள். நாம் 20 ரூபாய்ச் சோறு என்று உண்டதில், எழுதப்படாத ஒரு பங்கு அப்பெண்களின் ஊதியமில்லாத உழைப்பு என்பதை மறுக்க முடியுமா?

அரசின் வாதத்தையும் கேட்பதே முறை. இடர்க்காலத்து உதவி எந்நாளும் நீடிக்க இயலாது. கருவூலத்திற்கும் எல்லை உண்டு. இதனை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உதவியை நிறுத்துவது வேறு. செய்த வேலைக்குரிய தொகையைத் தாமதிப்பது வேறு. முன்னதைத் தாங்கும் வழியைத் தொழில் கற்றுக்கொள்ளும். பின்னது தொழிலின் வேரையே அரிக்கும்.

அப்படியிருந்தும் தாங்கி நின்றவர்கள் உண்டு. அவர்கள் கையாண்ட வழிகள் மூன்று.

முதலாவது, மலிவுச் சோற்றோடு வேறு பண்டங்களையும் சேர்த்தார்கள். சோறு ஒரு விலை. பொரித்த மீனுக்குத் தனி விலை. வறியவர் சோற்றை மட்டும் வாங்கலாம். வசதியுள்ளவர் மீனையும் வாங்கலாம். பின்னவர் தரும் இலாபம் முன்னவரின் இலையைக் காக்கிறது.

இரண்டாவது, வருவோரை எதிர்பார்த்து வாசலில் நிற்பதோடு அமையாமல், உண்பவர் இருக்கும் இடத்திற்கே சென்றார்கள். 2024 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் குடும்பஸ்ரீ ‘லஞ்ச் பெல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கைப்பேசிச் செயலி வழியே முன்பதிவு செய்தால், அலுவலக மேசைக்கே எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் மதிய உணவு வரும். வெறும் பாத்திரத்தை மீண்டும் வந்து எடுத்துச் செல்வார்கள். முன்பதிவினால் எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்பது காலையிலேயே தெரிந்துவிடும், சோறு வீணாவதில்லை. ஊரடங்கில் வாட்ஸ்அப் குழுக்களின் வழியே செய்தி பரப்பப் பழகிய கைகளுக்கு இது கடினமாக இருக்கவில்லை.

மூன்றாவது, மலிவு ஒன்றே தம் சிறப்பு என்னும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். 2024 சனவரியில் அங்கமாலியில் குடும்பஸ்ரீயின் முதல் உயர்தர உணவகம் திறக்கப்பட்டது. சுவை, தூய்மை, உபசரிப்பு ஆகியவற்றிற்கு உரிய விலை கேட்பதில் நாணமில்லை என்பதை அது உணர்த்தியது.

இம்மூன்றிலிருந்தும் நாம் உணர்வது ஒன்றே. தொண்டாகப் பிறந்த தொழில், தன் உழைப்பின் உண்மை விலையை அறிந்த நாளில்தான் வளரத் தொடங்குகிறது. இரக்கம் அதனைப் பிறப்பிக்கலாம். கணக்குத்தான் அதனைக் காப்பாற்றும். கணக்கு எழுதும்போது அரிசி, பருப்பு, எரிவாயு ஆகியவற்றோடு சமைத்தவளின் கூலியையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும். மீந்தால் எடுத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டால், எந்நாளும் மீளாத நட்டத்தின் பெயரே சேவை என்றாகிவிடும்.

அன்னையரே, அன்பர்களே! நம் சங்கத்துப் பெண்களும் சிறு அடுக்களை ஒன்றைத் தொடங்க வேண்டுமென்ற பேச்சு நம் காலனியில் எழுந்திருக்கிறது. மிக நன்று. அதற்கு நாம் செய்யக்கூடியவை சில. நம் வீட்டுக் காதுகுத்துக்கும் நிச்சயதார்த்தத்திற்கும் உணவைப் பெண்கள் குழுவிடமே சொல்வோம். சொல்லும்போதே பாதித் தொகையை முன்பணமாகத் தருவோம். மீதியை அவ்வாரத்திற்குள் தீர்ப்போம். தெரிந்தவர்கள்தாமே என்று விலையைக் குறைக்கச் சொல்லும் பழக்கத்தை விடுவோம். தெரிந்தவர்கள் என்பதாலேயே உரிய விலையைத் தருவோம். கல்லூரியில் வணிகவியல் பயிலும் நம் பிள்ளைகள், மாதம் ஒரு நாள் அமர்ந்து குழுவின் கணக்கேட்டை எழுதிக் கொடுக்கட்டும். வறியவர்க்கு இலவசமாகச் சோறிட விரும்பினால், அச்செலவைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து கொடுப்போம். அடுப்படியில் நிற்பவளின் மடியிலிருந்து எடுக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு விழாவில் செயலாளர் வரவு செலவைப் படிக்கும்போது, நம் பெண்கள் குழு இத்தனை பேருக்கு உணவளித்தது என்பதோடு, அவர்கள் இத்தனை ரூபாய் ஊதியம் பெற்றார்கள் என்னும் வரியும் அதில் இருக்கட்டும். அந்த வரிக்காக நாம் அனைவரும் இன்றே உழைக்கத் தொடங்குவோம்.