உன் பெயருக்கு ஓர் இலச்சினை

(குறுவள மையக் கூட்டத்தில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டால் கரும்பலகையில் மயில் வரையச் சொல்வார்கள் என்று நினைத்து, வண்ணச் சுண்ணக்கட்டியோடு வந்தேன். வகுப்பறை அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். நன்றாகப் போன வகுப்பைவிடத் தவறாகப் போன ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு. 'உன் பெயருக்கு ஒரு லோகோ வரை' என்பது செயல்பாடு. கடைப் பலகையிலும் கைப்பேசியிலும் பிள்ளைகள் தினமும் லோகோவைப் பார்க்கிறார்கள், ஆர்வம் தானாக வந்தது. அதில் உங்கள் பாரம்பரியம் தெரிய வேண்டும் என்றேன். எளிதாக இருக்கட்டுமே என்று ஒரு வழியும் காட்டினேன்: "உங்க தாத்தா என்ன தொழில் செய்தார்னு யோசிச்சுத் தொடங்குங்க."

கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றி வந்தேன். நான்கைந்து தாள்களில் கலப்பை. இரண்டில் மீன். மூன்று பையன்கள் ஒரே மாதிரி, குறுக்கே வைத்த இரண்டு வாள். அவை எந்தச் சுவரொட்டியிலிருந்து வந்தவை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கடைசி வரிசையில் ஒரு பெண் தாளைத் தொடவே இல்லை. நன்றாக வரைகிற பெண். "ஏம்மா?" என்றேன். "தலை வலிக்குது டீச்சர்." முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. பாரம்பரியத்தைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சாதியைக் கேட்டிருக்கிறேன். கையில் கட்டி வரும் வண்ணக் கயிற்றைப் பள்ளி வாசலில் நின்று கழற்றச் சொல்கிற நானே, அதைத் தாளில் வரையச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு படங்கள் காட்டினேன். ஒன்று, சோழர் செப்பேட்டு முத்திரை. அமர்ந்திருக்கும் புலி, அதன் பக்கத்தில் இரண்டு மீன்கள், வில், மேலே குடை, சாமரம். "புலி சோழருக்கு, மீன் பாண்டியருக்கு, வில் சேரருக்குத்தானே? எல்லாம் ஏன் டீச்சர் ஒண்ணா இருக்கு?" என்றான் ஒருவன். "ஜெயிச்சவங்க எடுத்து வச்சுக்கிட்டாங்க" என்று அவனுக்குப் பின்னால் இருந்தவனே பதில் சொல்லிவிட்டான். சின்னம் 'நான் யார்' என்பதோடு நிற்பதில்லை, 'எனக்குக் கீழே யார்' என்பதையும் சொல்லிவிடும். பிள்ளைகளுக்கு இது நம்மைவிட வேகமாகப் புரிகிறது.

இன்னொன்று, கீழடிப் பானை ஓடுகள். சிலவற்றில் கீறல் குறியீடுகள், சிலவற்றில் தமிழி எழுத்தில் பெயர்கள். 'ஆதன்' என்ற பெயரை எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். குடையும் இல்லை, சாமரமும் இல்லை. ஒரு பானை, ஒரு பெயர்.

பிறகு கேள்வியை மாற்றினேன். "வீட்டில் ஒருத்தர்கிட்ட இருந்து நீ கத்துக்கிட்ட, விட மனசில்லாத ஒண்ணு எது?" நிறம் கறுப்பு மட்டும். தீப்பெட்டி அளவுக் கட்டம். பக்கத்தில் இருப்பவர் ஐந்து விநாடி பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரைய வேண்டும், முடியாவிட்டால் ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டும். வடிவமைப்பைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் கற்றுத்தரவில்லை. கலப்பை, மாடு, வயல், சூரியன் என்று நிரப்பியிருந்தவன் நான்காவது முறையில் ஒரே ஒரு வளைகோட்டுக்கு வந்துவிட்டான். பூக்கட்டும் அம்மாவின் மகள் நார் முடிச்சை வரைந்தாள். வாள் வரைந்த மூவரில் ஒருவன், வருகிறவர்களுக்குப் பாட்டி தண்ணீர் கொடுக்கும் செம்பை வரைந்தான். மற்ற இருவரும் மறுபடியும் வாளே வரைந்தார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கடைசி வரிசைப் பெண் ஒரு சதுரம் போட்டு, அதன் மூலையில் ஒரு கோடும் மூன்று புள்ளிகளும் வைத்திருந்தாள்.

"எங்க ஆயா துணியில போடுற மார்க் டீச்சர். சேங்கொட்டைச் சாறுல போடுவாங்க, எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. வீட்டுக்கு ஒரு மார்க். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா ஒரு துணிகூட வீடு மாறிப் போனதில்ல."

"இது எந்த வீட்டு மார்க்?"

"யார் வீட்டுதும் இல்ல. ஆயாகிட்ட கேட்டு, யாருக்கும் போடாத ஒண்ணை எனக்கு வாங்கிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "செவுத்துல ஒட்டுவீங்களா டீச்சர்?" என்றாள்.

"ஒட்டட்டுமா?"

"வேணாம்."

அந்த வகுப்பிலேயே சிறந்த இலச்சினை அதுதான். கண்காட்சி நாளன்று அதை எடுத்து வைக்க எனக்குக் கை பரபரத்தது. வைக்கவில்லை. அது அவள் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

இப்போது ஆளுக்கொரு அட்டை தருகிறேன். தீப்பெட்டி அளவுக் கட்டம் போட்டிருக்கிறது. உங்களுக்கான இலச்சினையை நீங்களும் வரைந்து பாருங்கள். பத்து நிமிடம். பெயர் எழுத வேண்டாம். அட்டைகளை நான் திரும்ப வாங்கப் போவதில்லை.