நூற்பாவும் உரையும்: கருக்கலைப்புச் சட்டத்தில் நீதிமன்றங்களின் பங்கு



பத்தாண்டுகளாகச் சொல்லையும் பொருளையும் ஆராய்ந்துவரும் இவ்வவையில் சட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் யாத்த நூற்பாவின் பொருளை மற்றொருவர் விரிப்பது நம் மரபு. தொல்காப்பியம் ஒன்றே, இளம்பூரணர் கண்ட பொருளும் நச்சினார்க்கினியர் கண்ட பொருளும் பல இடங்களில் வேறு. சட்டம் நூற்பா எனின், நீதிபதியே அதற்கு உரையாசிரியர். இலக்கண உரை பிழைத்தால் பின்வருவோர் மறுத்துரைப்பர். சட்ட உரை பிழைத்தாலோ, மறுப்பு வருமுன் ஒரு பெண்ணின் வாழ்வே மாறிவிடும்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றம் என்றது. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு விலக்குகள் அளித்தது. கருத்தடை பயனளிக்காமையால் உண்டாகும் கருவைப் பற்றிக் கூறுகையில், 'மணமான பெண் அல்லது அவள் கணவன்' என்றே அது எழுதியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் 'பெண் அல்லது அவள் துணைவர்' என்று மாற்றியது. ஆயின் அதே ஆண்டில் வகுத்த விதிகள், 20 வாரங்களுக்கு மேல் 24 வாரங்கள் வரை கலைத்தற்குரியோரைப் பட்டியலிட்டபோது, மணநிலை மாறியோர் என்று கூறி, அடைப்புக்குறிக்குள் கைம்மையையும் மணமுறிவையும் மட்டுமே வைத்தன.

2022ஆம் ஆண்டில், துணைவர் மணக்க மறுத்த நிலையில், 25 வயதுடைய மணமாகாத பெண்ணொருவர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். பட்டியலில் அவர் இல்லை என்று சூலை 15 அன்று அம்மன்றம் மறுத்தது. சொல்லின் எல்லையோடு நின்ற உரை அது. உச்ச நீதிமன்றம் சூலை 21 அன்று, மருத்துவ வாரியத்தின் ஆய்வுக்கு உட்பட்டு, இசைவளித்தது. செப்டம்பர் 29 அன்று விரிவான தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா ஆகிய மூவரும் விதியின் நோக்கத்தை ஆராய்ந்தனர். மணமானவர், மணமாகாதவர் எனப் பிரிப்பது சமத்துவத்துக்கு மாறு என்றனர். கணவனின் வன்முறையால் கருவுற்றவரும் இச்சட்டத்தின் பயனுக்கு உரியவர் என்றனர். ஒன்றற்குச் சொன்ன விதியை அதன் இனத்துக்கும் கொள்வதை நம் உரையாசிரியர்கள் 'தன்னினம் முடித்தல்' என்பர். நீதிபதிகள் செய்ததும் அதுவே.

இவ்வுரை கலைப்பின் பக்கமே சாய்ந்தது என்று எவரும் கருத வேண்டா. 2009இல், அரசு இல்லத்தில் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கருவுற்ற, அறிவு வளர்ச்சி குன்றிய பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெண்ணோ குழந்தையைப் பெற விரும்பினார். உச்ச நீதிமன்றம் அவ்வாணையை விலக்கியது. பெறுவதும் பெறாமையும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனியுரிமையின் பாற்பட்டவை என்றது.

ஆயினும் உரையால் வந்த உரிமை உரையாலேயே போகக்கூடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் தங்கள் அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்திலுள்ள 'சுதந்திரம்' என்னும் சொல்லுள் கருக்கலைப்பு உரிமையைக் கண்டது. 2022 சூன் 24 அன்று, அவ்வுரிமை நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் வேரூன்றியதன்று எனக் கூறி அதனை நீக்கியது. அத்திருத்தம் நிறைவேறிய ஆண்டு 1868. நாடு முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற்ற ஆண்டு 1920. எவருடைய மரபு என்று நாம் கேட்க வேண்டாவா?

நம் நாட்டிலும் 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் 26 வாரக் கருவோடு உச்ச நீதிமன்றத்தில் நின்றார். 9ஆம் நாள் இசைவு. 11ஆம் நாள் இரு நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு. 16ஆம் நாள் மூவர் அமர்வின் மறுப்பு. முந்தைய ஆண்டின் தீர்ப்பை வழங்கியோருள் இருவர் இவ்வமர்விலும் இருந்தனர். 24 வாரம் கடந்தது, தாயின் உயிருக்கு உடனடித் தீங்கில்லை, கருவில் குறையில்லை என்பன காரணங்கள். உரை எவ்வளவு விரிந்தாலும் நூற்பாவின் எல்லையைக் கடக்க இயலவில்லை. வழக்குக்கு வாய்தா உண்டு. கருப்பைக்கு வாய்தா இல்லை.

ஆதலின் என் வேண்டுகோள் நூற்பாவைப் பற்றியது. இச்சட்டத்தின் தொடரமைப்பைப் பாருங்கள். நல்லெண்ணத்தோடு கருதுபவர் மருத்துவர், கலைப்பவர் மருத்துவர், பெண் இசைவு தருபவர் மட்டுமே. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் பழைய குற்றத்தைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. இன்றும் நம் சட்டத்தில் இது விலக்கேயன்றி உரிமையன்று. பெண் எழுவாயாக நிற்கும் தொடரை நாடாளுமன்றம் எழுதும் நாள் வரை, ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஓர் உரையைத் தேடி நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

கவிஞர்களே, அகத்திணை மாந்தருக்குப் பெயர் சுட்டுவதில்லை என்பது நம் இலக்கணம். இவ்வழக்குகளிலும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. 'எக்ஸ்' என்னும் ஓரெழுத்தே உண்டு. பெயரற்ற தலைவியின் உள்ளத்தை ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய நாம், இவர்களின் குரலையும் கேட்டல் வேண்டும் என்று கூறி விடைபெறுகிறேன்.